இன்ஜினியரிங் சிலபஸ்ல உள்ளூர் கைவினையை கொண்டு வர்றது எப்படி: சுவாமிமலை வார்ப்பை வச்சு ஒரு முழு வழிகாட்டி

மெக்கானிக்கல் படிக்கிற எல்லா பசங்களுக்கும் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்னு ஒரு பாடம் வரும். மெழுகுல மாதிரி செஞ்சு, மேல பூசி, சூடு பண்ணி மெழுகை உருக்கி வெளிய எடுத்துட்டு, அந்த காலி இடத்துல உலோகத்தை ஊத்துறது. ஜெட் இன்ஜின் டர்பைன் பிளேடெல்லாம் இந்த முறையிலதான் வருது. பையன் ஒரு படம் வரைஞ்சு எட்டு மார்க் வாங்கிட்டு போய்டுவான், ஒரு தடவை கூட மெழுகை கையில தொட்டிருக்க மாட்டான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்குற காலேஜ்னா, பஸ் ஏறி போற தூரத்துல சுவாமிமலைல அதே அடிப்படையில சோழர் காலத்துலேந்து சிலை வார்த்துட்டு இருக்காங்க, ஆனா ரெண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

இந்த ரெண்டையும் சேர்த்து ஒரு பாடமா கொண்டு வரணும்னு நினைக்கிற வாத்தியார்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஒருநாள் டூர் கூட்டிட்டு போறதோ, கல்ச்சுரல்ஸ்ல ஸ்டால் போடுறதோ எனக்கு போதாது. ஸ்தபதி, அதாவது சிலை வார்க்கிற கலைஞர், ஆசிரியரா நிக்கணும், பசங்க அளக்கணும், அதுக்கு கிரெடிட் கிடைக்கணும், ஸ்தபதிக்கு சம்பளம் போகணும். நாலும் இருந்தாதான் அது பாடம்.

படி 1: ஒரே ஒரு கைவினையை எடுங்க, அதுவும் பக்கத்துல இருக்குறதை

முதல் வருஷமே தஞ்சாவூர் வீணை, காஞ்சிபுரம் பட்டு, பத்தமடை பாய்னு எல்லாத்தையும் லிஸ்ட்ல போடாதீங்க. போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா மூணாவது வாரமே டைம்டேபிள்ல இடிக்கும். காரைக்குடி அழகப்பா செட்டியார் இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி இடத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பக்கம், ஈரோட்டுக்காரங்களுக்கு பவானி ஜமக்காளம், நெல்லைக்காரங்களுக்கு பத்தமடை. ஊரை பார்த்து முடிவு பண்ணுங்க. நான் இங்க சுவாமிமலையை எடுத்து பேசுறேன், காரணம் அந்த வேலைக்கு தேவையான லேப் மெஷின் ஏற்கனவே நம்ம காலேஜ்கள்ல சும்மா கிடக்கு.

படி 2: கேமரா இல்லாம, பேனர் இல்லாம போய் உக்காருங்க

பட்டறைக்கு முதல்ல நீங்க மட்டும் போங்க, கூட ஒரு லேப் டெக்னீஷியனை கூட்டிட்டு போங்க, ஏன்னா உலை பக்கம் நிக்கிறப்போ நமக்கு தெரியாத கேள்வியெல்லாம் அவருக்குத்தான் வரும். ஒரு சிலை மெழுகுலேந்து சீவுற வேலை வரைக்கும் ஒரே நாள்ல முடியாது, மண் காயவே நாள் ஆகும், அதனால ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா போக வேண்டி வரும். யார்கிட்ட போறதுன்னு தெரியலன்னா தமிழ்நாடு அரசோட கைவினை நிறுவனமான பூம்புகாரோட மையம் சுவாமிமலைலயே இருக்கு, அங்க கேட்டா வழி சொல்வாங்க.

போனதும் எம்.ஓ.யூ, அதாவது ஒப்பந்தம் பத்தி ஆரம்பிச்சிடாதீங்க. "ஐயா, இந்த வேலைல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு, எந்த இடத்துல வார்ப்பு கெட்டுப் போகுது"ன்னு கேளுங்க. அந்த பதில்தான் பின்னாடி பசங்களுக்கு புராஜெக்ட்டா மாறும். எழுதி வச்சுக்கோங்க, அவர் சொல்ற வார்த்தையிலயே எழுதுங்க.

படி 3: பட்டறை வேலையை பாடமா பிரிச்சு எழுதுறது

இந்த வழிகாட்டியிலயே முக்கியமான வேலை இதுதான், இதுல அவசரப்படாதீங்க. பட்டறைல நடக்குற ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்துல "இதுல என்ன இன்ஜினியரிங் கேள்வி இருக்கு, எதை அளக்க முடியும்"னு எழுதணும்.

மெழுகுலேந்து ஆரம்பிப்போம். தேன்மெழுகும் குங்கிலியமும் (மரப் பிசின்) கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து காய்ச்சுறாங்க. குங்கிலியம் கூடினா மெழுகு கெட்டியாகும், எண்ணெய் கூடினா இளகும். வெயில் காலத்துக்கு ஒரு பதம், மழை காலத்துக்கு ஒரு பதம். பசங்க மூணு நாலு கலவை காய்ச்சி, எந்த சூட்டுல இளகுது, விரல் அழுத்தத்துக்கு எவ்ளோ வளையுதுன்னு அளந்து கிராஃப் போடலாம். கெமிக்கல், மெட்டீரியல்ஸ் படிக்கிறவங்களுக்கு இது ஒண்ணே ஒரு முழு எக்ஸ்பெரிமென்ட்.

அடுத்து எடை. மெழுகு உருவத்தை எடை போட்டு, அதுலேந்து எவ்ளோ உலோகம் வேணும்னு கணக்கு பண்றாங்க, எட்டு பத்து மடங்குன்னு வச்சுக்குவாங்க, அது உலோகத்துக்கு ஏத்த மாதிரி மாறும். இதை பசங்ககிட்ட அப்படியே சொல்லிடாதீங்க. மெழுகோட அடர்த்தி கிட்டத்தட்ட 0.96, வெண்கலம் 8.7 பக்கம், வகுத்து பார்த்தா ஒன்பது வரும், அதோட உலோகம் ஓடுற வாய்க்கால்ல நிக்கிறதையும் கருகிப் போறதையும் சேர்க்கணும். பட்டறைக் கணக்கு ஏன் சரியா வருதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் கிளாஸோட முகமே மாறும்.

மண் பூசுறதுதான் என்னைக் கேட்டா இந்த கலையோட மூளை. முதல் பூச்சு காவிரி வண்டல், ரொம்ப நைசு, அதோட கருக்கின உமி மாதிரி சமாச்சாரம் சேரும். நைசா இருக்குறதால நகைக்கோடு, விரல் நகம் வரைக்கும் பதியும். உமிக்கரி இருக்குறதால காத்து வெளிய போக வழி இருக்கும். அடுத்த பூச்சு வயல் மண்ணும் மணலும், கடைசி பூச்சு இன்னும் கரடுமுரடு, பெரிய சிலைன்னா இரும்புக் கம்பி கட்டி இறுக்குவாங்க. உள்ள நைசு, வெளிய முரடு, இந்த அடுக்கு முறையேதான் டர்பைன் பிளேடுக்கு பண்ற செராமிக் ஓட்டுலயும் இருக்கு.

நம்ம ஃபவுண்டரி லேப்ல மண்ணு வழியா காத்து எவ்ளோ சுலபமா போகுதுன்னு அளக்குற பெர்மியபிலிட்டி மீட்டர் இருக்கும், சல்லடை செட் இருக்கும், சாண்ட் ஸ்ட்ரெங்த் மெஷின் இருக்கும். மூணு பூச்சு மண்ணையும் பட்டறைலேந்து எடுத்துட்டு வந்து, லேப்ல வழக்கமா அச்சுக்கு எடுக்குற ஈர மணலோட (கிரீன் சாண்ட்) வச்சு சோதிச்சு பாருங்க. மண்ணு எங்க எடுத்தது, எந்த மாசம்னு ஒரு ரிஜிஸ்டர் போட்டு டப்பால வச்சுக்கோங்க, வருஷா வருஷம் சேர்ந்தா அதுவே பெரிய சொத்து.

வார்க்கும்போது அச்சை தரைல குழி தோண்டி புதைச்சுட்டுத்தான் ஊத்துவாங்க. ஏன்னு பசங்களை கேளுங்க, சூடு குறையாம இருக்கன்னு ஒருத்தன் சொல்வான், விழாம இருக்கன்னு ஒருத்தி சொல்வா. இப்போ போர்டுல கணக்கு போடுங்க. 60 சென்டிமீட்டர் உயர சிலை, உருகின உலோகத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமாரா 8,000 கிலோ, ஈர்ப்பு 9.8, பெருக்கினா அடியில 47 கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 5 டன் அழுத்தம். வெறும் மண் சுவர் அதை தாங்காது, சுத்தி இருக்குற தரை தாங்குது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல முதல் யூனிட்ல வர்ற அதே ஃபார்முலா.

அச்சை வரட்டி போட்டு சுட்டு மெழுகை வடிச்சதுக்கு அப்புறம் அது நல்லா சூடா இருக்குறப்பவே உலோகத்தை விடணும், ஆறிப்போனா உலோகம் விரல் நுனி வரைக்கும் ஓடாது. செம்பு 1,085 டிகிரி செல்சியஸ்ல உருகும், கூட பித்தளையும் காரீயமும் சேரும்போது உருகுற சூடு இறங்கும். ஸ்தபதி இதையெல்லாம் தீயோட நிறத்தை பார்த்தே சொல்வார். அதிக சூட்டை அளக்குற கே டைப் தெர்மோகப்பிள் ஒண்ணு எடுத்துட்டு போங்க, அவர் "இப்போ விடலாம்"னு சொல்றப்போ மீட்டர்ல என்ன இருக்குன்னு குறிச்சுக்கோங்க. நாலஞ்சு வார்ப்புக்கு குறிச்சு வச்சா அவரோட கண்ணு எவ்ளோ துல்லியம்னு பசங்களுக்கு எண்ணா தெரியும். இதை அவருக்கு வைக்கிற பரீட்சை மாதிரி ஆக்கிடக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.

கடைசியா, வார்ப்புல மிச்சமான வாய்க்கால் துண்டு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்து பாலிஷ் போட்டு, ஃபெரிக் குளோரைடு வச்சு மேற்பரப்பை லேசா அரிக்க விட்டு (எட்ச்) மைக்ராஸ்கோப்ல பாருங்க. காரீயம் செம்போட கரையாம தனித்தனி துளியா நிக்கிறது தெரியும். உளி ஏன் அவ்ளோ சுலபமா ஓடுதுன்னு அங்கேந்து பேச ஆரம்பிக்கலாம்.

படி 4: சிலபஸ்ல எந்த கதவு திறந்திருக்குன்னு பாருங்க

அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல முதல் வருஷத்துக்கு "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்"னு ரெண்டு பாடம் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு கிரெடிட். ரெண்டாவதுல நெசவு, பானை, கட்டுமானம், உற்பத்தி, பாசனம் எல்லாம் வருது, ஆனா மொத்தமே 15 பீரியட், அஞ்சு யூனிட், யூனிட்டுக்கு மூணு மணி நேரம். பெரும்பாலும் பிபிடி ஓட்டி முடிச்சிடுறாங்க. உற்பத்தி யூனிட்டோட அந்த மூணு மணி நேரத்தை ஸ்தபதிகிட்ட குடுங்க, அதுக்கு யார் பெர்மிஷனும் வேண்டாம், ஹெச்ஓடி சரின்னா போதும். இதுதான் நுழைவாயில்.

முழு பாடமா போடணும்னா, சிலபஸை தானே முடிவு பண்ற அட்டானமஸ் காலேஜுக்கு சுலபம், பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல வச்சு எலெக்டிவா பாஸ் பண்ணிடலாம். அஃபிலியேட்டட் காலேஜ்ல சிலபஸை தொட முடியாது, அங்க வேல்யூ ஆடட் கோர்ஸ், இன்டர்ன்ஷிப், மினி புராஜெக்ட், ஃபைனல் இயர் புராஜெக்ட் வழியா போங்க. என் சிபாரிசு ரெண்டு கிரெடிட்: 15 மணி நேரம் கிளாஸ் ஒரு கிரெடிட், 30 மணி நேரம் பட்டறையும் லேபும் ஒரு கிரெடிட். மூணு நாலு கிரெடிட் கேட்டீங்கன்னா எந்த பாடத்தை எடுக்குறதுன்னு சண்டை வரும்.

மீட்டிங்ல "இது இன்ஜினியரிங்கா, ஆர்ட்ஸ் காலேஜ் வேலை ஆச்சே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். அவருக்கு மாமல்லபுரத்துல அரசு கட்டட சிற்பக் கலைக் கல்லூரி இருக்கு, அங்க மரபுக் கட்டடக்கலைல பி.டெக் டிகிரியே குடுக்குறாங்கன்னு சொல்லுங்க. 1820 வாக்குல மைக்கேல் ஃபாரடே லண்டன்ல உக்காந்து இந்திய வூட்ஸ் உருக்கை ஆராய்ச்சி பண்ணினதையும், 1920ல சி.வி.ராமன் மிருதங்கத் தோலோட அதிர்வை பத்தி நேச்சர்ல எழுதினதையும் சொல்லுங்க. யூஜிசி 2023ல கொண்டு வந்த வழிகாட்டுதல்ல மொத்த கிரெடிட்ல 5 சதவீதமாவது இந்திய அறிவு மரபு பாடமா இருக்கணும்னு ஊக்கப்படுத்தியிருக்காங்க, அந்த பேப்பரை பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சுக்கோங்க.

படி 5: ஸ்தபதிக்கு பதவியும் பணமும்

இது இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம். பட்டறைல ஒரு நாள் பசங்க சுத்தி நின்னா அன்னைக்கு வேலை பாதிதான் ஓடும், அந்த நஷ்டத்தை யார் குடுக்குறது? சால்வையும் மொமெண்டோவும் குடுத்து அனுப்புறது மரியாதை இல்ல. கெஸ்ட் லெக்சரருக்கு மணிக்கு என்ன ரேட்டோ அதுக்கு குறையாம குடுக்கணும், அதுக்கு மேல மெழுகு, மண்ணு, கரி, உலோகத்துக்கு தனியா ஒரு தொகை, பட்டறைல கூட வேலை பாக்குற ஆளுங்களுக்கும் அன்றைய கூலி. உலோகத்துக்கான பணம் முன்னாடியே போகணும். காலேஜ் அக்கவுண்ட்ஸ்ல பில் பாஸ் ஆக மாசக்கணக்கு ஆகும்னா, டிபார்ட்மெண்ட் அட்வான்ஸ் எடுத்து நீங்க செட்டில் பண்ணுங்க, அவரை அலைய விடாதீங்க.

பதவிக்கு ரெண்டு வழி இருக்கு. யூஜிசி 2022ல கொண்டு வந்த புரொஃபஸர் ஆஃப் பிராக்டிஸ், அதுல துறைல 15 வருஷ அனுபவம் கேக்குறாங்க, சிறப்பான தொழில் அனுபவம் இருந்தா டிகிரி கட்டாயம் இல்ல, மொத்த பணியிடத்துல 10 சதவீதம் வரைக்கும் போடலாம். இன்னொண்ணு 2023ல வந்த கலா குரு வழிகாட்டுதல், கைவினைக் கலைஞர்களை கல்வி நிறுவனத்துல தங்க வச்சு பாடம் எடுக்க வைக்கிறதுக்காகவே போட்டது. எந்த பேர்ல போட்டாலும் டைம்டேபிள்லயும் மார்க் ஷீட்லயும் ஆசிரியர் இடத்துல அவர் பேர் வரணும், "உதவி"ன்னு போடக் கூடாது.

படி 6: செமஸ்டரை மழைக்கு ஏத்த மாதிரி போடுங்க

மண் அச்சு காயணும், அதனால ஐப்பசி கார்த்திகை மழைல வார்ப்பு வச்சீங்கன்னா கஷ்டம். ஜனவரில ஆரம்பிக்கிற ஈவன் செமஸ்டர்தான் சரி. ஜனவரி முழுக்க கிளாஸும் மெழுகும், ஓலை மடிச்சு சிலையோட அளவை பிரிக்கிற தாலமான கணக்கும், பிப்ரவரில மண் பூச்சும் லேப் டெஸ்ட்டும், மார்ச்ல வார்ப்பு, அதுக்கப்புறம் அரம், உளி வேலை, மைக்ராஸ்கோப், வைவா. ஒவ்வொரு பையனும் பொண்ணும் சொந்தமா உள்ளங்கை அளவுல ஒரு சின்ன உருவம், இலையோ மீனோ, மெழுகுல செஞ்சு வார்க்கணும். சாமி சிலை செய்ய வைக்காதீங்க, அதுக்கு விதிமுறையும் பல வருஷ பயிற்சியும் இருக்கு.

பேட்ச் அளவு 20க்கு மேல போனா பட்டறை தாங்காது. அறுபது பேர் கேட்டாலும் இருபதுதான், மிச்ச பேர் அடுத்த வருஷம்.

படி 7: பாதுகாப்பு

ஊத்துற வேலை பட்டறை ஆளுங்களோடது, பசங்க கோடு போட்ட தூரத்துல நிப்பாங்க, இதுல பேச்சே இல்ல. அச்சுல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உலோகம் பட்டதும் நீராவியா வெடிச்சு தெறிக்கும். பித்தளைல இருக்குற துத்தநாகம் 907 டிகிரிலயே கொதிச்சு வெள்ளைப் புகையா வரும், அதை இழுத்தா அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் குளிர் வரும். காரீயப் புகை அதைவிட மோசம், அது உடம்புல தங்கும். திறந்த வெளி, காத்துல புகை வர்ற பக்கம் நிக்கக் கூடாது, பாலியஸ்டர் துணி கூடாது, காட்டன்தான், ஷூ, கண்ணாடி, சரியான மாஸ்க். வாங்குறப்போ பட்டறை ஆளுங்களுக்கும் சேர்த்து வாங்குங்க. தினமும் அந்தப் புகையில நிக்கிறது அவங்கதான்.

படி 8: மார்க்

நூறுல நாப்பது ஸ்தபதி கையில. மீதில லேப் ரெக்கார்டுக்கு முப்பது, கணக்குக்கும் வைவாவுக்கும் முப்பது. வார்ப்பு ஓட்டையா வந்தா மார்க் குறைக்காதீங்க, ஏன் ஓட்டை வந்துதுன்னு அறுத்து பார்த்து காரணம் எழுதினா முழு மார்க். வைவா பட்டறைலயே நடக்கணும், தமிழ்ல. தர அங்கீகாரம் குடுக்குற என்பிஏக்கு கேக்குற அவுட்கம் மேப்பிங்ல (எந்த பாடத்துல என்ன திறமை வருதுன்னு காட்டுற அட்டவணை) சமூகம், சூழல், டீம் வொர்க் எல்லாம் சும்மா டிக் அடிக்கிறோமே, அதுக்கெல்லாம் இங்க உண்மையான எவிடென்ஸ் கிடைக்கும்.

படி 9: புராஜெக்ட் எடுக்குறப்போ எதை மாத்தணும், எதை தொடக் கூடாது

இங்கதான் நிறைய பேர் தடம் மாறுறாங்க, உடனே 3டி பிரிண்டர்ல சிலை அடிக்கிறேன்னு கிளம்பிடுறாங்க. கலைஞனோட கை வேலையை மெஷினுக்கு மாத்துறது நம்ம வேலை இல்ல, அவர் உடம்பை தேய்க்கிற வேலையை குறைக்கிறதுதான் நம்ம வேலை. இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் தெலங்கானாவோட சிந்தகிந்தி மல்லேஷம். போச்சம்பள்ளி புடவைக்கு நூலை ஆணில சுத்துற ஆசு வேலைல அவங்க அம்மா ஒரு புடவைக்கு சுமார் 9,000 தடவை கையை ஆட்டணும், தோள்பட்டை போய்டும். பள்ளிப் படிப்பை பாதியில விட்ட மல்லேஷம் 1999ல அந்த சுத்துற வேலைக்கு மட்டும் மெஷின் செஞ்சார், டிசைனும் நெசவும் கைலயே இருக்கு. 2017ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஒரு இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட் எப்படி யோசிக்கணும்னு அந்த மெஷின் சொல்லுது.

சுவாமிமலைக்கு அப்படி யோசிச்சா: உலைக்கு மேல புகை உறிஞ்சுற ஹூட், கரி குறைவா குடிக்கிற அடுப்பு, மணிக்கணக்கா குனிஞ்சு அரம் போடுறவங்களுக்கு உயரம் மாத்துற பிடி மேசை, அரம் போடுறப்போ பறக்குற தூசை பிடிக்கிற வசதி. எதுவா இருந்தாலும் படி 2ல எழுதி வச்ச அவங்க வார்த்தைலேந்து வரணும். செஞ்சதை பட்டறைலயே விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு போய் பாருங்க, ஓரமா கிடந்தா ஏன்னு கேட்டு அடுத்த பேட்ச்சுக்கு அதையே புராஜெக்ட்டா குடுங்க.

படி 10: உரிமை, பேர், சாதி

சுவாமிமலை சிலைக்கு ஜிஐ டேக் (புவிசார் குறியீடு) இருக்கு. காலேஜ்ல செஞ்ச உருவத்தை அந்த பேர்ல விக்கக் கூடாது. மரபு அறிவை அப்படியே பேட்டன்ட் எடுக்க நம்ம பேட்டன்ட் சட்டம் 3(p) பிரிவே விடாது, இருந்தும் சில பேர் ஏதாவது சின்ன மாற்றத்தை சேர்த்து அப்ளை பண்ணப் பார்ப்பாங்க, அதை முதல்லயே தடுத்துடுங்க. மெழுகுக் கலவை, மண் கலவை அளவெல்லாம் ஒரு குடும்பத்தோட ரகசியமா இருக்கலாம், பேப்பர்ல போடலாமான்னு கேட்டுட்டு போடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. போட்டா ஸ்தபதி பேர் ஆத்தர் லிஸ்ட்ல வரணும், நன்றி சொல்ற பத்தியில இல்ல.

இன்னொண்ணையும் மறைக்காம பேசணும். நம்ம ஊர்ல கைத்தொழிலும் சாதியும் ஒட்டியே வந்தது. கிளாஸ்ல குயவர் வீட்டுப் பையனோ நெசவாளர் வீட்டுப் பொண்ணோ இருந்தா "உங்க குலத்தொழில்தானே, நீ சொல்லு"ன்னு எழுப்பி நிக்க வைக்காதீங்க. அந்த வேலைலேந்து வெளிய வரத்தான் அவங்க அப்பா அம்மா கடன் வாங்கி இங்க சேர்த்திருப்பாங்க. குரூப் பிரிக்கிறப்போ எல்லாரையும் கலந்து போடுங்க, மண்ணு மிதிக்கிறதுலேந்து தெர்மோகப்பிள் பிடிக்கிறது வரைக்கும் எல்லா வேலையும் எல்லாருக்கும் சுத்தி வரணும். பொண்ணுங்களை ரெக்கார்டு எழுத மட்டும் உக்கார வைக்கிற பழக்கமும் இதோட போகட்டும்.

மத்த டிபார்ட்மெண்ட் கேட்டா

இசிஇக்கு நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், ஆச்சா மரத்துல செய்றது, மைக் வச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்தாலே ஒரு செமஸ்டர் ஓடும். சிஎஸ்இக்கு காஞ்சிபுரம் ஜக்கார்டு தறி, ஓட்டை போட்ட அட்டைதான் புரோகிராம், டிசைனை பிட்மேப்பா மாத்துற சாஃப்ட்வேர் எழுதலாம். சிவிலுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் கையில வச்ச பாடம்: சூளையே கிடையாது, கண்ணாடி மேல கலர் சிமெண்ட்டை ஊத்தி தண்ணில ஊற வச்சு எடுக்குறாங்க, தேய்மானமும் நீர் உறிஞ்சுறதும் டெஸ்ட் பண்ண மெஷின் எல்லா காலேஜ்லயும் இருக்கு.

முதல் பேட்ச் முடிஞ்சதும் ஏப்ரல்லயே ஸ்தபதியோட உக்காந்து அடுத்த ஜனவரிக்கு தேதி பிடிச்சுடுங்க. கோயில் கும்பாபிஷேக ஆர்டர் வந்துட்டா அவருக்கு நேரமே கிடைக்காது, அந்த ஆர்டர்தான் அவர் குடும்பத்துக்கு சோறு, அதனால நம்ம டைம்டேபிள்தான் வளைஞ்சு குடுக்கணும். பட்ஜெட் ப்ரொபோசலை மே மாசத்துக்குள்ள பிரின்சிபால் டேபிள்ல வைங்க, உலோக விலைக்கு பத்து பதினஞ்சு சதவீதம் கூடவே போட்டு.